மலையக உதைபந்தாட்டம்: பொன்னாடை யாருக்கு?

சில மாதங்களுக்கு முன் டிக்கோயாவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் இளைஞர் கழகத்தினர் என்னைத் தொடர்புகொண்டனர். தோட்டத்து உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதி நாளன்று பழைய ஆட்டக்காரர் மூவரைக் கௌரவிக்க இருப்பதாகவும், அந்த மூவர் யார் என்பதில் பிணக்கு ஏற்பட்டிருப்பதாகவும் கூறினர். மூன்று பொன்னாடைகள், மூன்று நினைவுச் சின்னங்கள், வெளிநாடு சென்ற தோட்டத்துப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் மூன்று பணமுடிப்புகள் தயாராக இருந்தன. பட்டியலிலோ நான்கு பெயர்கள். பத்திரிகைக்காரன் என்பதாலும், அந்தத் தோட்டத்தில் எனக்கு உறவினர் எவரும் இல்லை என்பதாலும் நடுவராக வந்து அமருமாறு கேட்டனர்.

சிறிய விடயந்தானே என்று எண்ணிப் போனேன். வாசிகசாலையின் ஒற்றை மேசையைச் சுற்றி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது, நமது மக்களின் முக்கால் நூற்றாண்டு வரலாறு அந்த மேசைமேல் கிடப்பதைக் கண்டேன். அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

நால்வரும் 1979ஆம் ஆண்டுக் கிண்ணத்தை வென்ற ஒரே அணியைச் சேர்ந்தவர்கள். அவர்களின் பெயர்களை இங்கு தவிர்க்கிறேன். முதலாமவர் பின்னாளில் கொழும்பில் திணைக்கள அணியொன்றுக்கு ஆடியவர். சான்றிதழ்கள் உண்டு, படங்கள் உண்டு. இன்று நகரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். இரண்டாமவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தோட்டத்தின் கோல்காப்பாளர். கவ்வாத்து வெட்டியே வயதை முடித்தவர். மகளுடன் லயத்துக் காம்பராவில் இருக்கிறார். அவரிடம் இருக்கும் ஒரே ஆவணம் வளைந்துபோன இரண்டு விரல்கள். மூன்றாமவர் மத்திய முன்வரிசை ஆட்டக்காரர். 1981இல் குடும்பத்தோடு இந்தியா சென்றுவிட்டார். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருக்கிறார். நான்காமவர் அணித்தலைவர். அவர் காலமாகிவிட்டார், மனைவி இருக்கிறார்.

யாருக்குத் தகுதி? உலகெங்கும் இதே கேள்விதான். புகழ்மண்டபம் எனப் பெரிய கட்டடம் கட்டி வைத்திருக்கும் நாடுகளிலும் இக்கேள்விக்குச் சண்டை நடக்கிறது. நாட்டுக்காக எத்தனை போட்டிகள் ஆடினார், எத்தனை கோல் போட்டார், எத்தனை பதக்கம் பெற்றார் என்பதே வழக்கமான அளவுகோல். நானும் பழக்கதோஷத்தில் அதையே கேட்டேன். "ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?"

கோல்காப்பாளர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "தம்பி, அத நீங்கள்ல எழுதி வச்சிருக்கணும். நான் கடைசியா ஆடுனப்ப நீங்கதான் நோட்டுப் புத்தகத்தோட வந்து நின்னீங்க. இப்ப எங்கிட்ட கேட்டா?"

அவர் கூறியது உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், ஆதாரம் ஏன் இல்லாமற் போயிற்று என்று பார்ப்போம்.

மலையகத்தில் மைதானங்கள் தொழிலாளருக்காக வெட்டப்பட்டவை அல்ல. தரவளையில் டிக்கோயா, மஸ்கெலியாத் துரைமாரின் கழகம்; ராதெல்லையில் திம்புளைத் துரைமாரின் கழகம்; நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப். கிரிக்கெட்டும் ரக்பியும் டென்னிசும் அங்கே நடந்தன. எம்மவர் அங்கே புல்வெட்டினர், பந்து பொறுக்கினர். ஹில் கிளப்பில் சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் இலங்கையருக்கே உறுப்புரிமை இருக்கவில்லை என்றால், தோட்டத் தொழிலாளியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், விக்கெட் வேண்டும், நாள் முழுவதும் ஓய்வு வேண்டும். உதைபந்துக்கு ஒரு பந்து போதும். பெரட்டுக்களத்திலும், கொழுந்து மடுவத்தின் முன்னாலும், கோயிலடியில் கிடைத்த சிறு சமதரையிலும் அது வளர்ந்தது. சரிவான மலையில் பந்து பள்ளத்தில் விழுந்தால் ஒருவன் இறங்கி எடுத்துவர ஆட்டம் காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், திங்கள் காலை மீண்டும் பெரட்டு. தப்பு முழங்க அணியை வரவேற்பார்கள். ஹற்றன் டன்பார் மைதானத்தில் இறுதிப்போட்டி என்றால், பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் ஆட்கள் லொறியேறி வருவார்கள். பத்து வயதுப் பையனாக அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று நானும் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து ஆடிய இந்திய அணியிலும் பெரும்பாலானோர் வெறுங்காலுடனேயே ஆடினர். 1-2 என்ற கணக்கில்தான் தோற்றனர்.

அதே 1948இல்தான் எம்மவருக்கு மற்றொன்று நிகழ்ந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் விண்ணப்பித்தும் சுமார் 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் இலங்கை, இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளின் அணிகள் கொழும்பில் உதைபந்தாட்டக் கிண்ணத்துக்காக மோதின. அதே ஆண்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பறிக்கப்பட்ட உரிமைகளுக்காகக் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்துகொண்டிருந்தது. ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், ஒருபுறம் நாட்டின் நிறத்தை அணிந்து ஆடியவர்கள். மறுபுறம் நாடு ஒன்று வேண்டும் எனக் கேட்டு அமர்ந்திருந்தவர்கள்.

பிரசாவுரிமை இல்லாதவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவன் தேசிய அணியோடு கப்பலேற முடியாது. இதனை எந்த விளையாட்டுச் சங்கமும் விதியாக எழுதி வைக்கவில்லை; எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சட்டமே தெரிவுக்குழுவின் வேலையைச் செய்து முடித்திருந்தது.

பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர் தொகை 9,75,000 எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கு பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஹற்றன் புகையிரத நிலையத்தில் தலைமன்னாருக்குப் புறப்படும் வண்டியை எம்மவர் "ஒப்பாரிக் கோச்சி" என்று அழைத்தனர். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பின் மண்டபம் முகாம். பின் கூடலூர், கோத்தகிரி, வால்பாறை என எங்கெங்கோ. 1984இல் கப்பல் நின்றபோது பயணமும் நின்றது. இங்கே எஞ்சியோருக்கு 1986, 1988 சட்டங்களும், இறுதியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் பிரசாவுரிமை வழங்கின.

இப்போது அந்த மேசைக்குத் திரும்புவோம். நால்வரில் உயிரோடிருக்கும் மூவரும் ஒரே லயத்து வரிசையில் வளர்ந்தவர்கள். ஆனால் மூவருக்கும் மூன்று சட்டங்கள் தலைவிதி எழுதின. இரும்புக்கடைக்காரரின் தகப்பனார் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற அதிர்ஷ்டசாலிகளுள் ஒருவர். ஆகவே மகனுக்குத் திணைக்கள வேலையும் கொழும்பு அணியும் சாத்தியமாயின. கோல்காப்பாளருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடு கிடைத்தது. அப்போது வயது 33. அந்த வயதில் எந்தத் தெரிவுக்குழு புதியவனை அழைக்கும்? முன்வரிசை ஆட்டக்காரரின் கையில் இந்தியக் கடவுச்சீட்டு. 1979இல் ஹற்றனில் அவர் கோல் போட்டபோது, சட்டப்படி அவர் விரைவில் வெளியேற வேண்டிய வெளிநாட்டவர். மூவரின் ஆட்டத் திறனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரும்புக்கடைக்காரரை வில்லனாக்க நான் விரும்பவில்லை. "சேட்டிபிக்கட் வச்சிருக்கிறது என் குத்தமா ஐயா?" என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது. கொழும்பில் தோட்டக்காட்டான் என்ற ஏச்சைக் கேட்டுக்கொண்டே ஆடி, தன் இடத்தைப் பிடித்தவர். அவருடைய சாதனையைக் குறைத்தால்தான் மற்றவர்களுக்கு நியாயம் கிடைக்கும் என்பது தவறான கணக்கு. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பேரன் 2016இல் சர்வதேசக் கிரிக்கெட் சபையின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் இலங்கையர் ஆனார். 1995இல் மெல்பேர்னில் அவர் பந்துவீச்சை முறையற்றது என்று நடுவர் அறிவித்தபோதும், பின்னர் எழுந்த எல்லா ஐயங்களின்போதும், அவருக்குத் துணை நின்றவற்றில் எண்களும் உண்டு. 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எவராலும் மறைக்க முடியாது. எண்களை வைத்திருப்பவருக்கு அவை வாதாடும். எண்ணி வைக்கப்படாதவனுக்கு யார் வாதாடுவது?

இக்கேள்விக்கு அமெரிக்கர் கண்ட விடையை அன்று மேசையில் எடுத்துச் சொன்னேன். அங்கே பேஸ்போல் ஆட்டத்தின் பெரிய லீக்குகளில் 1947இல் ஜாக்கி ரொபின்சன் நுழையும் வரை பல பத்தாண்டுகளாகக் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர்கள் நீக்ரோ லீக்குகள் எனத் தனியாக ஆடினர். கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்தின் விதிகளோ பெரிய லீக்கின் கணக்குகளையே கேட்டன. 1966இல் டெட் வில்லியம்ஸ் என்னும் வெள்ளையின ஆட்டக்காரர் தமது சொந்தக் கௌரவிப்பு மேடையிலேயே, வாய்ப்பு மறுக்கப்பட்ட அந்தக் கறுப்பின ஆட்டக்காரர்களும் இங்கு இடம்பெற வேண்டும் என்றார். 1971இல் சாச்சல் பெய்ஜ் தெரிவானபோது முதலில் தனிப் பகுதியொன்றில் வைக்கத்தான் எண்ணினர். எதிர்ப்பு எழவே சமமான இடம் வழங்கினர். மறு ஆண்டு ஜொஷ் கிப்சன். அவர் இறந்து அப்போது 25 ஆண்டுகள். 1997இல் முதிய ஆட்டக்காரர் சிலருக்கு வருடாந்த உதவித்தொகை வழங்கத் தீர்மானித்தனர். 2006இல் சிறப்புக் குழு அமைத்து ஒரே தடவையில் 17 பேரைச் சேர்த்தனர். 2024 மே மாதத்தில் நீக்ரோ லீக் கணக்குகளை அதிகாரபூர்வக் கணக்கில் இணைத்தபோது, வாழ்நாள் துடுப்பாட்டச் சராசரியில் ஜொஷ் கிப்சன் 0.372 உடன் முதலிடத்துக்கு வந்தார்.

இது எவ்வாறு முடிந்தது? ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளை, குறிப்பாகக் கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகளை, பக்கம் பக்கமாகப் புரட்டி ஆட்டக் கணக்குகளைத் தொகுத்தார்கள். அங்கே எழுதி வைக்க ஒரு பத்திரிகை இருந்தது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

1980களின் இறுதியில் நான் அப்பகுதியின் நிருபராக இருந்தேன். ஞாயிறு ஆட்டத்தைப் பார்த்து, திங்களன்று செய்தியைத் தபாலில் சேர்ப்பேன். முதலில் பதினொருவர் பெயரையும் எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தது இரண்டு வாக்கியம். எந்தத் தோட்டம் எந்தத் தோட்டத்தை வென்றது; கிண்ணத்தை வழங்கிய பிரதம அதிதி யார். படத்திலும் பிரதம அதிதியின் முகந்தான் தெளிவு; கிண்ணத்தை வாங்குபவனின் முதுகு தெரியும். சில மாதங்களில் நானே பழகிக்கொண்டேன். எப்படியும் வெட்டப்போகிறார்கள் என்று ஆட்டக்காரர் பெயர்களை எழுதுவதை நிறுத்தினேன். எனது தொழில் வாழ்க்கையில் செய்த தவறுகளின் பட்டியலில் இதனை நான் அதுவரை சேர்த்திருக்கவில்லை. இரண்டு விரல்கள் வளைந்த மனிதர் அன்று அதனைச் சேர்த்து வைத்தார்.

தோட்ட அலுவலகத்திலும் ஒன்றும் கிடைக்காது. கம்பனிகள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. செக்ரோல் புத்தகம் தப்பியிருந்தாலும், அவர் எத்தனை நாள் பெயர் போட்டார் என்பதுதான் அதில் இருக்கும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதி, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை ஆகியன அந்த நாட்களுக்கு உரியவை. இருபது வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

பதிவேடு இருந்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா என்று முன்வரிசை ஆட்டக்காரரின் தங்கை கேட்டார். அண்ணன் போய்ச் சேர்ந்த நாட்டிலிருந்தே அதற்கு ஓர் உதாரணம் உண்டு. துளசிதாஸ் பலராம், செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956 மெல்பேர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். ரோமில் பலம் வாய்ந்த ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, பலராம் மூவரும் அக்கால இந்திய முன்வரிசையின் மும்மூர்த்திகள். மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அர்ஜுனா விருதோடு நின்றுபோன பலராம் 2023 பெப்ரவரியில் காலமாகும்வரை அது அவருக்கு வரவில்லை. தாம் புறக்கணிக்கப்பட்ட மனக்குறை இறுதிவரை அவருக்கு இருந்தது. ஆகவே கணக்கு அவசியம்; ஆனால் கணக்கு மட்டும் போதாது. பார்த்தவர்கள் பேசவும் வேண்டும்.

அன்று நான் முன்வைத்த யோசனை இதுதான். கௌரவத்தையும் உதவியையும் ஒரே தட்டில் வைத்ததால்தான் பிணக்கு வந்தது. கௌரவம் செய்த ஆட்டத்துக்கு உரியது. அதில் வசதி பார்க்கக் கூடாது. உதவி தேவைக்கு உரியது. அதில் சான்றிதழ் பார்க்கக் கூடாது. இந்திய மத்திய அரசின் விளையாட்டு ஓய்வூதியத் திட்டத்தில், 2018இல் உயர்த்திய வீதப்படி, ஒலிம்பிக் பதக்கத்துக்கு மாதம் 20,000 ரூபாய், ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்கு 14,000 ரூபாய். நல்ல திட்டந்தான். ஆனால் பதக்க மேடைக்குப் போகும் பாதையே அடைக்கப்பட்டவனிடம் பதக்கத்தைக் கேட்கும் திட்டத்தை நாம் அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவந்தால், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை நாமே இன்னொருமுறை நிறைவேற்றுகிறோம் என்றுதான் அர்த்தம். ஆதாரம் இல்லாதபோது, உடன் ஆடியவர், எதிர்த்து ஆடியவர், ஓரத்தில் நின்று பார்த்தவர் என மூன்று பேரின் வாய்மொழி ஒத்துப்போனால் அதனை ஆதாரமாக ஏற்க வேண்டும்.

எல்லோரும் உடனே இணங்கவில்லை. "ஊரைவிட்டுப் போனவருக்கு ஏன்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். "அவன் போகல்ல, அனுப்புனாங்க" என்றார் கோல்காப்பாளர். அதற்குமேல் அக்கேள்வி எழவில்லை. பொன்னாடைகளை இரும்புக்கடைக்காரர், கோல்காப்பாளர், முன்வரிசை ஆட்டக்காரர் ஆகியோருக்கு வழங்குவதெனத் தீர்மானித்தனர். அண்ணனுக்குரியதைத் தங்கை பெற்றுக்கொண்டார். பணம் முழுவதும் கோல்காப்பாளருக்கும் அணித்தலைவரின் மனைவிக்கும் போயிற்று. இரும்புக்கடைக்காரர் முகத்தில் சிறு வருத்தம் இருந்தது. ஆனாலும் விழாவுக்கு வந்தார். அணித்தலைவருக்குப் பொன்னாடை இல்லையே என்ற குறை எனக்கு இன்னமும் உண்டு.

இன்னொரு முடிவும் எடுத்தனர். வாசிகசாலைச் சுவரில் பலகையொன்று வைத்து, 1979 அணியின் பதினொரு பெயர்களையும் எழுதுவது. பெயருக்குப் பணம் தேவையில்லை அல்லவா? கூடலூருக்குத் தொலைபேசி எடுத்தோம். எல்லோருமாகச் சேர்ந்து நினைவுபடுத்தியும் ஒன்பது பெயர்களே வந்தன. ஒருவர் இடதுகாலால் அடிப்பவர் என்பது நினைவிருக்கிறது. மற்றவர் கணக்கப்பிள்ளையின் தம்பி என்கிறார்கள். பெயர் வரவில்லை. கூடலூரில், கோத்தகிரியில், ரொறன்ரோவில், லண்டனில் இருக்கும் மலையகத்தவரை நான் வேண்டுவது இதுதான். உங்கள் தோட்டத்து அணியின் பெயர்களை, நினைவு இருக்கும்போதே, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

விடுபட்ட இரண்டு பெயர்களைத் தேடி, அந்த ஆண்டின் பழைய பத்திரிகைக் கட்டொன்றைப் புரட்டினேன். செய்தி கிடைத்தது. எனக்கு முன்னிருந்த நிருபர் எழுதியது, இரண்டு வாக்கியம். வென்ற தோட்டத்தின் பெயர் இருந்தது. பிரதம அதிதியின் பெயர், பதவியோடும் முதலெழுத்துகளோடும், பிழையின்றி இருந்தது.